கோட்டுக்கு உள்ளே நீண்ட கால்

நாட்டுக்காகக் கால்பந்து விளையாடியவரை ஊரே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் என்று நினைப்பவர்கள் அவருடைய வீட்டை ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். வீடா அது? மைதானத்துப் படிவரிசைக்குக் கீழே கிளப் ஒதுக்கிய இரண்டு அறை. ஆட்டம் நடக்கும் நாளில் தலைக்கு மேலே கூட்டம் குதிக்கும், கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிரும். அவருடைய மனைவி பாத்திரங்களையெல்லாம் மூடிவைத்துவிட்டு, சத்தத்தை வைத்தே ஆட்டம் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுவாள்.

ஒரு காலத்தில் அவர் தேசிய அணியின் இடது பக்கத் தடுப்பாட்டக்காரர். எவ்வளவு உயரத்திலிருந்து வந்தாலும் பந்து அவர் காலடியில் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். முழங்கால் கைவிட்ட பிறகு பயிற்சியாளர் ஆனார். வேறு என்ன செய்வார்? விளையாடத் தெரிந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்று எந்தப் புண்ணியவான் சொல்லிவைத்தானோ, அவனைத்தான் கேட்க வேண்டும்.

"எப்படி சார் நிறுத்துறது?" என்று பையன்கள் கேட்பார்கள்.

"எப்படின்னா? வருதுல்ல, நிறுத்துடா!"

அதற்குமேல் சொல்ல அவருக்கு வராது. கிளப் கிளப்பாக மாறி, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தார். இங்கும் தோல்விதான். கடைசி ஆட்டத்துக்கு முந்தைய நாள் கிளப் செயலாளர் வந்து வாசலிலேயே நின்றார்.

"டிரா பண்ணாக்கூடப் போதும் சார், தப்பிச்சுருவோம். கீழ் டிவிஷனுக்கு இறங்கிட்டா கிளப்பை மூடிருவாங்க. இந்த வீட்டையும் சேர்த்துதான் சொல்றேன்."

உள்ளேயிருந்து கேட்ட மனைவி துணிகளை எடுத்து மூட்டை கட்டினாள். போவதற்கு இடம் எதுவும் இல்லை, ஆனாலும் கட்டினாள்.

மறுநாள் அதிசயமாக அவருடைய பையன்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். ஒன்றுக்கு ஒன்று. முடிய இன்னும் சில நிமிடங்கள்தான். யாரோ எதிரணிக்காரன் பந்தைக் கண்டபடி உதைத்தான். அது வானத்துக்கு எழும்பி, நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், ஓரக்கோட்டை ஒட்டி, வெளியே நின்றிருந்த அவரை நோக்கி நேராக இறங்கியது. வெளியேதான் போகிறது என்று நினைத்தார். நினைத்தாரா என்பதே சந்தேகம். கால்தான் நீண்டது. இறங்கிய பந்து அவருடைய பழைய ஷூவின்மேல் அமர்ந்து, சத்தமில்லாமல் புல்லில் இறங்கி நின்றது.

படிவரிசை முழுக்க எழுந்து கை தட்டியது.

அதற்குள் நடுவர் விசில் ஊதிவிட்டார். பந்து இன்னும் கோட்டைத் தாண்டவில்லை. ஆட்டத்தில் இருக்கும் பந்தைப் பயிற்சியாளர் தொட்டால் எதிரணிக்கு ஃப்ரீ கிக், தொட்டவருக்குச் சிவப்பு அட்டை. ஆடிய காலமெல்லாம் அதை வாங்காத மனிதர் அன்று வாங்கிக்கொண்டு, தலை குனிந்து படிவரிசைக்குக் கீழேயுள்ள நடைவழிக்குள் போனார். பாவம், யாரைக் குறை சொல்வது? இத்தனை வருஷம் பையன்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாததை அன்றுதான் செய்து காட்டினார்.

நடைவழி இருட்டில் நின்றபடி விசிலைக் கேட்டார். உதை விழும் சத்தமும் கேட்டது. அப்புறம் தலைக்கு மேலே ஒரு மூச்சுகூட இல்லை. எதிரணியின் கோல்தான். அதைப் போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

கூட்டம் இறங்கிப் போன பிறகு வீட்டுக் கதவைத் திறந்தார். மனைவி ஓடிவந்தாள்.

"கடைசில அப்படிக் கை தட்டுனாங்களே, அதோட ஆட்டமே முடிஞ்சுபோச்சு போல! எதுக்குங்க தட்டுனாங்க?"

"எனக்குத்தான் தட்டுனாங்க."

அவள் முகம் மலர்ந்துபோனது. அந்த முகத்தை அவர் பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

"அப்ப நாம எங்கயும் போக வேண்டாம்ல?" என்று சொல்லிக்கொண்டே அவள் கீழே உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தாள். சட்டைகளை ஒவ்வொன்றாக உதறி அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள். அவர் கதவருகே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.