வெள்ளிக் கவசத்துக்குள் வெர்டெல்

வெர்டெல் காஸ்கின்ஸ் பாட எழுந்தால் நியூயார்க்கில் எங்கள் பிராங்க்ஸ் பகுதித் தேவாலயத்தில் கைவிசிறிகள் அப்படியே நின்றுவிடும். அந்தக் குரலைத்தான் அவள் தம்பி அலான்ஸோ எண்பத்திரண்டாம் வருஷம் ஒரு கருவிக்குள் விட்டு எந்திரக் குரலாக மாற்றினான். எந்திர மேளம், அதன்மேல் பையன்களின் ராப், இடையிடையே அவளுடைய இரும்புக் குரல். அப்படி ஒரு முழு ஆல்பத்தை அதற்குமுன் எங்கள் பக்கம் யாரும் கேட்டதில்லை. கோடை முடிவதற்குள் எல்லா ஜன்னல்களிலும் அதுதான் ஒலித்தது.

மேடைக்கென்று இசைத்தட்டுக் கம்பெனி அவளுக்கு அந்தக் கருவியோடு இணைத்த வெள்ளி நிறத் தலைக்கவசம் செய்து கொடுத்தது. உள்ளே வேர்த்துக் கொட்டும், மூச்சு முட்டும். ஒப்பந்தம் முடியும்வரை சொந்தக் குரலில் எங்குமே பாடக்கூடாதாம், தேவாலயத்தில்கூட. ஞாயிற்றுக்கிழமைகளில் என் பக்கத்தில் நின்று வாயை மட்டும் அசைப்பாள்.

"இவ்ளோ பேரு கைதட்டறாங்க, உனக்கு என்னக்கா குறை?" என்பான் அலான்ஸோ.

"யாருக்குடா தட்டறாங்க? அந்தச் சட்டிக்கு!"

ஒரு சனிக்கிழமை மதியம், ஸ்கேட்டிங் அரங்கில், பாட்டின் நடுவே கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்தாள். தன் குரலிலேயே பாடினாள். உருக்கமாகத்தான் பாடினாள். கூட்டம் ஊளையிட்டது.

"ஏம்மா, சர்ச்சுக்குப் போற வழியில இங்க வந்துட்டியா?"

"ரோபோவக் கூப்பிடுங்கப்பா!"

இரண்டு வரிக்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. குனிந்து எடுத்து மாட்டிக்கொண்டாள். அரங்கம் அதிர்ந்தது. திரும்பி வரும்போது ரயிலில் என் தோளில் சாய்ந்து, "கம்பெனிக்காரன் பூட்டினான், சரி. நம்ம ஜனங்களுமா?" என்று அழுதாள்.

அந்தக் குளிர்காலத்தில் காய்ச்சலில் விழுந்தாள். கம்பெனி கவசத்துக்குள் வேறொரு பெண்ணை நிறுத்தி, ஒலிநாடாவை ஓடவிட்டது. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உடம்பு தேறிப் போனவளிடம், "நீ வீட்லயே இரும்மா, ஒப்பந்தம் மட்டும் அப்படியே இருக்கும்" என்றார்கள். மேடையும் போயிற்று; வாய்க்கட்டு மட்டும் போகவில்லை.

காலக்கெடு ஒருவழியாக முடிந்தது. போதகர் பாட அழைத்தார். எழுந்து நின்றாள், வாயைத் திறந்தாள், உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது மருத்துவமனைச் சமையலறையில் என்னோடுதான் வேலை. சூப் கிண்டும்போது மெல்லப் பாட்டு முணுமுணுப்பாள். "கொஞ்சம் சத்தமாத்தான் பாடேன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

அதன்பிறகு அடுப்படியில் ரேடியோவைச் சத்தமாகப் போட்டுவிடுகிறாள்.