ஒன்பதாவது லிங்கமும் பதினேழாம் நம்பர் தக்காளியும்

தக்காளி எப்போது கெடும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் தரும் தொழில் ஒன்று உண்டு. அதைத்தான் நான் ஏழு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியின் உயிரித் தொழில்நுட்பக் கூடத்தில் ஆராய்ச்சியாளர் உத்தியோகம். தக்காளி சிவக்கும்போதே அதற்குள் ஒரு நொதி கிளம்பி, சதையைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசையைக் கரைக்கிறது. பழம் கொழகொழவென்று ஆவது அதனால்தான். அந்த நொதிக்கு உத்தரவு கொடுக்கும் மரபணுவில் ஓர் இடத்தில் மட்டும் கத்தரி வைத்துவிட்டால் பழம் சிவக்கும், ஆனால் குழையாது. சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதற்குள் என் தலையில் பாதி நரைத்துவிட்டது. "நீ என்ன வேலை பார்க்கிறாய்?" என்று உறவுக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் விழிக்கும் சக பாவப்பட்ட ஜீவன்களே, இது உங்களுக்காகத்தான்.

ஆல்பம்

போளூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் என் மாமியார் வழியில் தூரத்துச் சித்தப்பா. என்ன வேலை என்று கேட்டார். மரபணுத் திருத்தம் என்றேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சரி, எளிமையாகச் சொல்வோம் என்று, "ஜீன் எடிட்டிங் சித்தப்பா" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. சாம்பார் வரும்வரை நான் தக்காளி, நொதி, பசை எல்லாவற்றையும் விளக்கினேன். அவரும் பொறுமையாகத் தலையாட்டினார். ரசம் ஊற்றியதும் என் பக்கம் சாய்ந்து ரகசியமாகச் சொன்னார்: "நம்ம பையன் கல்யாணத்துக்கு ஆல்பம் நீயே எடிட் பண்ணிக் குடுத்துடும்மா. வெளியில குடுத்தா ஜாஸ்தி கேக்கறானுங்க."

போர்டு

அந்த வருடம் எங்களுக்கு வாழ்வா சாவா என்ற நிலை. மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. இந்த முறையும் காட்ட ஒன்றும் இல்லாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள் என்று எங்கள் பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் நம்பிக்கையெல்லாம் அடி அண்ணாமலைப் பக்கம் இருந்த வலைக்குடிலில், பதினேழாம் நம்பர் வரிசையில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதா வரிசை. இரண்டிலும் பழம் செடியிலேயே எத்தனை நாள் குழையாமல் நிற்கிறது என்று காட்டுவதாக ஏற்பாடு.

வலைக்குடிலைப் பார்த்துக்கொள்பவர் சரளாக்கா. கீழ்பென்னாத்தூரில் தக்காளி போடும் குடும்பம். தொட்டாலே பழத்தின் வயசைச் சொல்லிவிடுவார். நான் இரண்டு நாள் லீவில் போகவேண்டியிருந்தது. முன்ஜாக்கிரதையாகப் போர்டில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன்: 'பழுத்ததைப் பறிக்கக் கூடாது.'

திரும்பி வந்து பார்த்தால் இரண்டு வரிசையிலும் ஒரு பழம் இல்லை. எல்லாம் ட்ரேயில் இருந்தன, லேசாக நிறம் திரும்பிய செங்காயாக. லாரி ஏற்றும் தக்காளியைச் செங்காயாகத்தான் பறிப்பார்கள், பழுத்தபின் பறித்தால் போய்ச் சேராது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன். சரளாக்கா போர்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பழுத்ததப் பறிக்கக் கூடாதுன்னு நீங்கதான மேடம் எழுதியிருந்தீங்க? அதான் பழுக்கறதுக்குள்ள பறிச்சுட்டேன்."

ட்ரே

பேராசிரியரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். பிறகு, ட்ரேயில் நம்பர் கலந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார். கலந்திருந்தால் கதை முடிந்தது. எது திருத்தியது எது சாதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. போனை ஸ்பீக்கரில் போட்டுச் சரளாக்காவைக் கேட்டோம். கலக்கவில்லையாம். ஒவ்வொரு ட்ரேயிலும் நம்பர் எழுதிய அட்டை, அடியில் பேப்பர், காம்பு மேல் பார்க்க ஒரே அடுக்கு. எங்கள் கூடத்தில் எம்.எஸ்சி. படித்தவர்கள்கூட இவ்வளவு சுத்தமாக மாதிரி எடுத்ததில்லை. "செடியில நிக்கறதக் காட்ட முடியலன்னா, ட்ரேயில நிக்கறதக் காட்டுவோம்" என்றார் பேராசிரியர். யார் சொல்லிக் கொடுத்து அக்கா இப்படிப் பிரித்து வைத்தீர்கள் என்று கேட்டேன். போனில் பதில் வந்தது: "ரெண்டு ரகத்தக் கலந்தா மண்டியில மொத்தத்தையும் மட்டம்னு ஒதுக்கிடுவான் மேடம், இதக்கூடவா சொல்லிக் குடுப்பாங்க?"

ஊதாத் தண்ணீர்

குழு வருவதற்கு முந்தின நாள் பௌர்ணமி. வலைக்குடில், எட்டு லிங்கங்களைக் கும்பிட்டபடி மலையைச் சுற்றும் கிரிவலப் பாதையிலிருந்து கூப்பிடு தூரம். உள்ளே போகிறவர்கள் காலில் கிருமி போகட்டும் என்று வாசலில் தொட்டி கட்டி, மருந்து கலந்த ஊதாத் தண்ணீர் விட்டிருப்போம். 'காலை நனைத்த பின்பே உள்ளே செல்லவும்' என்று அறிவிப்பும் உண்டு. (ஆமாம், அதையும் நான்தான் எழுதினேன்.) சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ப் பார்க்கிறேன், வாசலில் வரிசை! வெறுங்காலோடு மலை சுற்ற வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர், பயபக்தியோடு காலை நனைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் தண்ணீரைத் தலையில் வேறு தெளித்துக்கொண்டார்.

வெளியாள் ஒருவர் நுழைந்தாலும் விதிமீறல். நான் கத்துவதற்குள் சரளாக்கா கதவை மறித்து நின்று, "நடை சாத்தியாச்சுங்க, நடை சாத்தியாச்சு" என்று கணீரென்று சொன்னார். வரிசை அப்படியே கலைந்தது. கடைசியாக நின்ற அம்மா மட்டும் வலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னைக் கேட்டார்: "எட்டு லிங்கம்னுதான சொன்னாங்க, இது எப்பம்மா வந்துது?"

கட்டைவிரல்

குழுவின் தலைவர் சென்னையிலிருந்து வெள்ளைச் சட்டையில் வந்தார். பறித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பழத்தின் உறுதியை அளக்கும் கருவியின் கணக்குகளைக் காட்டினேன். புரட்டினார். செடியில் ஏன் விடவில்லை என்றார். உண்மையைச் சொன்னேன். புருவம் ஏறியது. ட்ரேக்களைக் கொண்டுவரச் சொன்னார்.

சாதாப் பழம் ஒன்றை எடுத்து லேசாகத்தான் அமுக்கினார். விரல் உள்ளே போய், சாறு சட்டையில் தெறித்தது. பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, கோபம் மாறாமலே பதினேழாம் நம்பரை எடுத்தார். நன்றாகச் சிவந்த பழம். பழைய அனுபவத்தில், தள்ளிப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கி அமுக்கினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதை இரண்டு கையாலும் பிடித்தார். அந்த நிமிடம் எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது. ஏழு வருடமாக நாற்று வளர்த்து, பூஞ்சை பிடித்ததால் கொட்டிய புட்டியெல்லாம் கண்முன்னால் வந்து போயின. மூலையில் நின்ற சரளாக்கா தலைவருக்குத் தைரியம் சொன்னார்: "நல்லா அமுக்குங்க சார், அது ஒண்ணும் நெனச்சுக்காது."

குழி

திட்டம் நீடித்தது. அடுத்த கட்டத்துக்கும் அனுமதி கிடைத்தது. பேராசிரியர் போனிலேயே சிரித்தார். வலைக்குடிலை ஒன்பதாவது லிங்கம் என்றுதான் இப்போது சொல்கிறார். போர்டில் இனி நான் எதுவும் எழுதுவதில்லை என்று எல்லாருமாகத் தீர்மானம் போட்டார்கள்.

ஆனால் ஆராய்ச்சிப் பழத்தை யாரும் ஒரு துண்டுகூட வாயில் வைக்கக் கூடாது என்பது விதி. விதையை எடுத்துவைத்துவிட்டு மற்றதையெல்லாம் வேகவைத்துப் புதைக்க வேண்டும். விதை எடுக்கப் பழத்தை நறுக்கும்போது கத்தி சரக் சரக்கென்று இறங்கியது. குழி வெட்டிய சரளாக்கா கொஞ்ச நேரம் மண்வெட்டியில் சாய்ந்து நின்றார். விலை இல்லாமல் நாலு நாள் வைத்து, கூழாகிப்போன தக்காளியை வண்டி வண்டியாகத் தன் நிலத்திலேயே கொட்டி மூடியவர் அவர். சிரித்துக்கொண்டே சொன்னார்: "தக்காளியப் பொதைக்கறது எங்களுக்குப் புதுசா மேடம்? கெடாததப் பொதைக்கறதுதான் புதுசு. அடுத்த தபா பொதைக்காத மாதிரி பண்ணுங்க."

பழம் பழுத்ததற்கு ஊரில் எத்தனையோ பேர் சந்தோஷப்பட்டிருக்கலாம். மூன்று வாரம் காத்திருந்தும் அது கெடவில்லை என்பதற்காகத் தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தவள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான்.