வீடு மாறி வந்த கஞ்சி

நோன்பு வைத்திருந்த ஒரு மனிதரைப் பொய் சொல்ல வைத்தவள் நான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

திண்டிவனத்தில் எங்கள் அம்மா வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்னப் பள்ளிவாசல். மினாராவைவிட எதிரே நிற்கும் வேப்பமரம்தான் உயரம். ரமலான் மாதத்தில் மாலைத் தொழுகை நேரத்தில் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். தூக்குவாளியோடு நிற்பவர்களில் பாதிப் பேர் எங்களைப் போல நோன்பு வைக்காதவர்கள். கஞ்சி காய்ச்சியவர் காதர் பாய், என் தோழி மும்தாஜின் அப்பா. என் வாளியில் மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக விழும்.

விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டேன். மசக்கையில் சோற்றைக் கண்டாலே குமட்டியது. பூண்டும் வெந்தயமும் மணக்கும் அந்தக் கஞ்சிக்கு மட்டும் நாக்கு ஏங்கியது... மும்தாஜிடம் போனில் சொல்லி அழுதேன். வீட்டில் மூச்சு விடவில்லை. மாமியாருக்குப் பள்ளிவாசல் பண்டம் என்றாலே ஆகாது.

மறுநாள் மாலை மாமியார் கதவைத் திறந்தார். வாசலில் காதர் பாய்! உலர்ந்த உதடுகள், கையில் துண்டு சுற்றிய தூக்குவாளி. நோன்போடு பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"யாருங்க வேணும்?" என்றார் மாமியார்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"யாருன்னு தெரியலைங்க அத்தை. வீடு மாறி வந்துட்டாரு போல."

அவர் சிரிப்பு அடங்கியது.

"ஆமாங்கம்மா, வீடு மாறித்தான் வந்துட்டேன். தப்பா நெனைச்சிக்காதீங்க."

திரும்பி நடந்தார். நான் ஏன் ஓடிப்போய்க் கூப்பிடவில்லை? மாமியார் என் தலையையா வாங்கியிருப்பார்? நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதானே...

இரவு மும்தாஜ் போன் செய்தாள்.

"என்னாடி, நீ ஆசையா குடிச்சிக்கினு இருந்ததைப் பார்த்துட்டுத்தான் கெளம்பினாராமே அத்தா. நல்லா இருந்துச்சா?"

"ம்... நல்லா இருந்துச்சுடி."

நோன்பு வைத்த வாயால் பொய் சொன்னால் பட்டினிதான் மிச்சம், நன்மை போய்விடும் என்று சின்ன வயதில் மும்தாஜ் சொல்லுவாள். அவருடைய அன்றைய நோன்பை நான்தான் வெறும் பட்டினியாக்கினேனா?

காதர் பாய் இப்போது இல்லை. மசக்கை ஆசையை அடக்கினால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். என் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரமலானில் அம்மா வீட்டுக்குப் போனால் அவள்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். நான் சந்து முனையோடு நின்றுவிடுகிறேன். அந்த மணம் அங்கேயே வந்துவிடுகிறது.

"வயித்துல இருக்கும்போதே எங்க அத்தா கஞ்சி குடிச்ச புள்ள இது" என்று மும்தாஜ் அவள் கன்னத்தைக் கிள்ளுகிறாள். நானும் சிரிக்கிறேன்.

மகள் வாளியை நீட்டுகிறாள். குடிக்க எவ்வளவு ஆசை தெரியுமா உங்களுக்கு! ஆனால் ஒரு வாய்கூட இறங்குவதில்லை. அன்று சூரியன் மறைந்தபோது அவர் பஸ்ஸில் இருந்தாரா, பஸ் ஸ்டாண்டில் இருந்தாரா? எனக்கென்று கொண்டுவந்த கஞ்சியைக் குடித்துத்தான் நோன்பு திறந்தாரா...

மும்தாஜுக்கும் தெரியாது. அவளிடம் நான் கேட்கவும் முடியாது.