பைனலில் வாங்கிய இரண்டாவது கோல்

அந்த வருஷம் பைனல் வரைக்கும் அரிமளம் புட்பால் டீம் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. வெறுங்காலோடு ஆடிய பதினோரு பேர், சுற்றுப்பட்ட ஊர்களையெல்லாம் ஜெயித்துப் புதுக்கோட்டையில் நடந்த பைனலுக்கு வந்துவிட்டார்கள். கோல் பக்கம் பந்தை அண்டவிடாமல் நின்றவர் என் சித்தப்பா. வீட்டில் ஒரு வேலைக்கும் ஆகாதவர் என்று பெயர் வாங்கியிருந்த அவருக்குக் கடைத்தெருவில் பெரியவர்களே எழுந்து வழிவிட்டார்கள்.

பைனலைப் பார்க்க மதுரையிலிருந்து ஒரு மில் மானேஜர் வருகிறார், நன்றாக ஆடுகிறவர்களுக்கு மில் டீமில் இடமும் சம்பளமும் கிடைக்கும் என்று பேச்சு. அம்மா சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கவே தொடங்கிவிட்டாள்.

பைனலுக்கு முந்தின ஆட்டத்தில்தான் அவருக்கு முழங்கால் பிசகியது. மாட்டுக்கொட்டிலில் வைக்கோல்மேல் உட்கார்ந்து சித்தப்பா வேட்டியை விலக்கியபோது, அது பனங்காய் மாதிரி வீங்கியிருந்தது. பார்த்தது ஒன்பது வயதுக்காரி நான் மட்டும்.

"யாருட்டயும் சொல்லிராதத்தா. ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சா வெளையாட விடமாட்டாக."

நான் சொல்லவில்லை. நான்கு நாள், அம்மா அசந்த நேரமாகப் பார்த்து வெந்நீர் கொண்டுபோய் ஒத்தடம் கொடுத்தேன். ரகசியம் வைத்திருக்கும் பெருமையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பைனலுக்கு அப்பா என்னையும் கூட்டிப்போனார். ஆளுக்கு ஒரு கோல். முடியச் சில நிமிஷங்களே இருந்தபோது எதிர் டீம் ஆள் ஒருவன் பந்தோடு ஓடிவந்தான். வேறு எந்த நாளாக இருந்தாலும் சித்தப்பா அதைச் சிரித்துக்கொண்டே பறித்திருப்பார். அன்று உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. விழுந்தவர் எழுவதற்குள் பந்து கோலுக்குள் போய்விட்டது.

இரண்டாம் பரிசாக ஒரு சின்னக் கோப்பை கொடுத்தார்கள். எனக்கு அது அழகாகத்தான் இருந்தது. ஆனால் பஸ்ஸில் எல்லாரும் எழவு வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். அப்பா சித்தப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"எம்புட்டு நாளாடா இப்புடி இருக்கு?"

சித்தப்பா காலை இழுத்துக்கொண்டார். "நாலஞ்சு நாளாப்பா. நாந்தான் ஒத்தடம் குடுத்தேன்" என்றேன் நான். அப்பா என்னைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. ஊர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

மானேஜர் இரண்டு பேரை எடுத்துக்கொண்டார். அவர்கள் மதுரைக்குப் புறப்பட்ட காலையில் சித்தப்பா நொண்டிக்கொண்டே வந்தார். இருவருடைய டிரங்குப் பெட்டிகளையும் வேறு யாரையும் தொடவிடாமல் தானே தூக்கி, பஸ் மேல் நின்ற கிளீனரிடம் கொடுத்தார். "போனதும் கடுதாசி போடுங்கடா" என்று சிரித்துக்கொண்டே கையாட்டினார்.

எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடி, சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன்.

"சித்தப்பாவுக்கு வருத்தமெல்லாம் போயிருச்சும்மா. சிரிக்கிறாக."

"இப்ப எங்க நிக்கிறாக?"

"பஸ்ஸு போன ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறாக. இன்னும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்காக."

அம்மா பானையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் தெருவில் இறங்கி ஓடினாள். இவ்வளவு நல்ல சேதிக்கு எதற்காக இப்படி ஓடுகிறாள் என்று விளங்காமல் நான் வாசலிலேயே நின்றேன்.