வித்யாவின் விலைப் பக்கம்

போடியில் ஏலக்காயைக் கையில் எடுத்தால் முதலில் நிறத்தைத்தான் பேசுவார்கள், விலை அப்புறம். வியாபாரிகள் சங்கத்துக்குத் தினசரி விலை காட்டும் இணையப் பக்கம் செய்தபோது வித்யாவும் அப்படியே செய்தாள். தரத்தின் பெயர் எதையும் எழுதாமல், கரும்பச்சைக்கு ஒரு கட்டம், இளம்பச்சைக்கு ஒரு கட்டம், வெளுத்த காய்க்கு ஒரு கட்டம் என்று சின்னப் படங்களை வைத்துப் பக்கத்தில் விலையைப் போட்டாள். 'கண்ணுல ஒத்திக்கலாம்' என்று சங்கமே மெச்சியது. கண்ணுள்ளவர்கள் பேச்சு அப்படித்தானே இருக்கும்!

அவள் கணவன் தங்கபாண்டியும் மெச்சினான். கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை போன பிறகும் காய் வியாபாரத்தை விடாதவன். காயை விரலால் உருட்டி, முகர்ந்து வாங்குவான். திரையில் உள்ளதை அவனுடைய போனே வாசித்துச் சொல்லும்.

ஒருநாள் காலை மாடியில் துணி காயப்போடப் போன வித்யா, அவன் கூட்டாளி வியாபாரி ராமரிடம் போனில் கெஞ்சுவதைக் கேட்டாள்.

"மாப்ளே ராமரு, நீ போடிமெட்டுக்கு ஜீப்பு ஏறுறதுக்குள்ள இன்னிக்கு வெலைய மட்டும் பாத்துச் சொல்லிருடா... சரி சரி, சோலிய முடிச்சிட்டே சொல்லு."

அவளுக்குச் சுருக்கென்றது. "நான் செஞ்ச பக்கம் இருக்கையில ராமரு அண்ணன எதுக்கு மாமா கேக்குறீங்க?"

தங்கபாண்டி போனில் பக்கத்தைத் திறந்தான். 'படம்' என்றது போன். பிறகு ஒரு விலை. மறுபடியும் 'படம்', இன்னொரு விலை. எந்த விலை எந்தக் காய்க்கு என்று அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"இத்தன நாளா ஏன் மாமா சொல்லல?"

"ஆசையாச் செஞ்ச. ஊரே நல்லாருக்குங்குது. நான் ஒருத்தன் கொற சொல்லணுமா புள்ள?"

வித்யா அழுதுவிட்டாள். பக்கம் விதிப்படி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக் கருவி, செய்து முடித்த அன்றைக்கே சிவப்பு சிவப்பாகச் சொன்னதுதான்: படங்களுக்குப் பதிலாக வாசித்துக் காட்ட மாற்று உரை இல்லை, அட்டவணைக்குத் தலைப்பு இல்லை. பார்க்க அழகாகத்தானே இருக்கிறது என்று அவள்தான் அதை மூடிவைத்தாள். அந்தக் கருவிக்கும் கண் கிடையாது. எழுதியிருப்பதை மட்டும் படிக்கும். தன் வீட்டுக்காரனைப் போல.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கணினி முன் உட்கார்ந்தாள். அட்டவணைக்குத் தலைப்பு வந்தது. ஒவ்வொரு படத்துக்கும் சொல் வந்தது. கடைசிக் கட்டத்தில் கை நின்றது.

"மாமா, வெளுத்த காய்க்கு என்னன்னு எழுத? வெவரமா நாலு வார்த்தை போடவா?"

"வெளுத்ததுன்னே போடு. நெறமெல்லாம் எனக்கு மறக்கல புள்ள."

சோதனைக் கருவியில் ஒரு சிவப்பும் மிச்சமில்லாமல் போகும் வரை அவள் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை போன் 'கரும்பச்சை' என்று சொல்லி அதன் விலையையும் சொன்னது. தங்கபாண்டி அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தபோது ராமர் கூப்பிட்டான்.

"மாப்ளே, ஜீப்புல ஒரே நெருக்கம், பக்கத்தத் தொறந்து பாக்க முடியல. வெலைய மேல போய்ச் சொல்லட்டா?"

"நீ என்னத்தடா சொல்றது," என்றான் தங்கபாண்டி, நிமிர்ந்து உட்கார்ந்து. "கேட்டுக்க, நான் சொல்றேன்."