ஜால்ரா விழும் இடம்

அத்தான் பாட்டுக் கேட்க வாங்கிய ஹை-ரெஸ் பிளேயர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சென்னையிலிருந்து வந்திருந்த மூத்தவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நெசமாவே இதுல பாட்டு ஒசத்தியா கேக்குமா?" என்றான். அவன் அப்பாவைத்தான் நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அவர் போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை.

ஓய்வு பெற்ற கையோடு வாங்கினார். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் தளத்தில், கன்வேயர் பெல்ட்டின் இரைச்சலுக்குள்ளேயே காலம் தள்ளியவர். காதில் பஞ்சு வைக்கச் சொன்னால், "பெறவு ஃபோர்மேன் கூப்பிடுதது எப்பிடிக் கேக்கும்?" என்பார். சாயங்காலம் காப்பி குடித்ததும் ஹெட்போனை என் தலையில் மாட்டிவிடுவார். நாசரேத்தில் சர்ச் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவள் என்பதால் என் காதின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. ஒரே கீர்த்தனையை முதலில் போனில் போடுவார், அப்புறம் பிளேயரில். "தெரியுதா ஏளா?" சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. "கடைக்காரன் உங்க காதுல நல்லா பூ சுத்திட்டான்" என்று கேலி செய்வேன். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

சிரித்த மனிதர் ஹெட்போனை மாற்றினார். பிறகு பிளேயரையே மாற்றினார். கடையில் போய்ச் சண்டை வேறு. "எதுலயும் ஜால்ரா சரியா விழ மாட்டேங்கு" என்றார். எனக்குப் புரியவில்லை. பாட்டில் ஜால்ரா கணீர் கணீரென்று விழுந்துகொண்டுதானே இருந்தது? "ரெண்டுலயும் நல்லாத்தான் கேக்கு அத்தான்" என்றேன். அவர் முகம் செத்துவிட்டது. ஹெட்போனைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"போன்லயுமா?"

மெல்லிய கீச்சுச் சத்தமெல்லாம் போய்விட்டது, மிச்சமும் போகும் என்றார், அத்தானின் காதைச் சோதித்த டாக்டர். மனிதக் காதுக்கு எட்டாத ஒலிகூட உள்ளே இருப்பதாகப் பிளேயர் வந்த பெட்டியில் பெருமையாகப் போட்டிருந்தது. கரண்டி தரையில் விழுவது கேட்காத மனிதர் அதை நம்பியிருக்கிறார். கருவி ஒசத்தியாக இருந்தால் காது திரும்பிவிடும் என்று நினைத்திருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் அழுகைதான் வருகிறது. என் காதில் மாட்டி மாட்டிக் கேட்டது பெருமைக்கு இல்லை, பயத்துக்கு.

கடைசி வருஷம் சத்தத்தை முழுக்க வைத்துத்தான் கேட்பார். ஹெட்போனைத் தாண்டிப் பக்கத்தில் இருக்கும் எனக்கே பாட்டு கேட்கும். கையை என் மடியில் நீட்டிவிடுவார். ஜால்ரா வரும் இடத்திலெல்லாம் நான் அவர் உள்ளங்கையில் விரலால் தட்டுவேன். "ஆங், வந்துட்டு" என்பார்.

ஒருநாள் பாதியில் சார்ஜ் தீர்ந்து பாட்டு நின்றுவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. கண்ணை மூடித் தலையை ஆட்டியபடி கையை நீட்டிக்கொண்டே இருந்தார். மீதிப் பாட்டை மனசுக்குள் பாடி, ஒரு இடமும் தவறாமல் தட்டி முடித்தேன்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னைக்குத்தான் ஏளா சரியா விழுந்துச்சு."