என் பிள்ளையை நானே கடத்திய நாள்

ஐம்பதுகளின் கடைசியில், ஓர் ஆடி மாதம், குற்றாலம் பேரருவிக் கரையில் நடந்தது இது. எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. பம்பாயில் கணக்கு எழுதும் வேலை. முதல் பிரசவத்திலேயே மனைவி போய்விட்டாள். குழந்தை பக்கத்து ஊரான இலஞ்சியில் என் மைத்துனன் வீட்டில் வளர்ந்தாள். வருஷத்துக்கு ஒரு முறை போவேன். ஐந்து வருஷத்தில் ஐந்து முறை. மைத்துனனைத்தான் அவள் ‘அப்பா’ என்பாள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

பம்பாயில் தனியாகப் பொங்கித் தனியாகத் தின்று அலுத்துவிட்டது. பிள்ளையை அனுப்பச் சொல்லி மூன்று கடிதம் போட்டேன். மூன்றுக்கும் ‘அடுத்த வருஷம் பார்ப்போம் அத்தான்’ என்றே பதில். அந்த முறை யாரிடமும் சொல்லவில்லை. கோயில் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவளைக் குதிரை வண்டியில் ஏற்றிவிட்டேன். சாயங்காலம் தென்காசியில் ரயில். அதுவரை அருவியைக் காட்டலாம் என்று நினைத்தேன். அங்கேதான் வினை.

அருவிச் சத்தத்தில் மிரண்டு, “அப்பாட்ட போணும்” என்று வீறிட்டாள். “நான்தாம்மா அப்பா” என்று சொல்லச் சொல்ல அழுகை கூடியது. ஈரத் துண்டோடு ஆட்கள் சூழ்ந்தார்கள். பயத்திலும் எண்ணினேன், பதினான்கு பேர். குளிக்க வருபவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவர் என் கையைப் பிடித்து முறுக்கினார்.

“ஏலே, பிள்ளை பிடிக்கவன்லா இவன்! சட்டையப் பாரு, தொரை மாரி!”

ஓர் அம்மாள் குனிந்து குழந்தையிடம் கேட்டாள்: “ஏட்டி, இவிய யாரு ஒனக்கு?”

“பம்பாய் மாமா.”

“ஒங்க அப்பா எங்கன?”

“இலஞ்சியில.”

போலீசில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஏட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பிள்ளை கடத்துனா செக்சன் முந்நூத்தி அறுபத்திமூணு. ஏழு வருசம் வரைக்கும் போடுவாவ, தெரியும்லா? ஒம்ம பிள்ளைன்னா அடையாளம் சொல்லும். மச்சம் எங்கன இருக்கு?”

எனக்குத் தெரியவில்லை. ஏறுகிற படியைக்கூட எண்ணுகிறவன் நான். பெற்ற பிள்ளையின் மச்சத்தைப் பார்த்து வைத்ததில்லை.

தகவல் போய், மைத்துனன் சைக்கிளில் வந்தான். வேட்டியெல்லாம் வயல் சேறு. குழந்தை பாய்ந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ‘யாரோ, எவரோ’ என்று அவன் சொல்லியிருந்தால் நான் அன்று உள்ளே. அவன் சொல்லவில்லை.

“அவியதான் பெத்த அப்பா, ஏட்டையா.”

ஏட்டு தொப்பியைக் கழற்றி வைத்தார். “பெத்தவன் கூட்டிட்டுப் போனா கடத்தல் ஆகாது வே. சட்டப்படி பிள்ளை ஒமக்குத்தான். கூட்டிட்டுப் போரும்.”

மைத்துனன் ஒரு வார்த்தை வாதாடவில்லை. “அத்தான், ராத்திரி கால் உளையுதுன்னு அழுவா. இடது காலு. எண்ணெயச் சுட வச்சுத் தேய்ச்சுவிடணும். வெளக்க அணைச்சிராதீய, பயப்படுவா” என்றான்.

அதற்கு மேல் என்னால் கையை நீட்ட முடியவில்லை. “நீயே வச்சுக்கோப்பா” என்று சொல்லிவிட்டு நடந்தேன். ரயிலில் அவளுக்காக விரித்த துண்டில் மதுரை வரை யாரையும் உட்கார விடவில்லை.

மச்சம் இடது காதுக்குப் பின்னால் இருக்கிறது. கல்யாணத்தன்று அவள் என் காலில் விழுந்தபோதுதான் பார்த்தேன். தாரை வார்த்துக் கொடுத்தவன் மைத்துனன், அதுதான் முறை. சட்டம் அன்றே என்னை விட்டுவிட்டது, ஏட்டின் கேள்விதான் விடவில்லை. யாருமில்லாத இந்த வீட்டில் இன்னமும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.